மகாயுத்தம் விதியின் செயலா? மந்திரிகளின் செயலா?

(ஒரு வாசக சாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1914-ம் வருஷத்தில் ஐரோப்பாவில் மூண்டு, உலகம் முழுவதும் பரவி, 1918-ம் வருஷம் நவம்பர் மாதம் வரையில் நடந்த மகாயுத்தத்துக்குக் காரணம் என்ன என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று இவ்விழாவை நடத்துகிற வாலிபத் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்ட சங்கதியை இப்போது கிளறுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அந்த யுத்தத்தில் சிப்பாய்கள் மாத்திரம் சுமார் 1 கோடி பேர் செத்தார்கள். காயம் பட்டவர்கள் அதைவிட அதிகம். இவ்வளவு பேர் எதற்காகச் செத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நாம் இருப்போமானால், அடுத்த தடவையும் நம்மை ஆடு மாடுகளைப் போல ஓட்டிக் கொண்டு போவார்கள். ஆகவே இது பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிற சரித்திரம் அல்ல. உயிரோடு இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டிய காரியமாகும்.

இரண்டு விதமான விதி

தோழர்களே! யுத்தம் ஏன் வந்தது என்று நமது ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், "கலி முற்றிவிட்டது, வந்தது" என்பார்கள். ஜோசியனைக் கேட்டால் கிரகம் கூடியது என்பான். பக்தனைக் கேட்டால் பூபாரம் தீர்க்கக் கடவுள் செய்தார் என்பான். இவர்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் படித்தவர்களைக் கேட்டால் அவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "ஐரோப்பாவின் நிலைமை அப்படி இருந்தது, அந்த யுத்தம் எப்படியும் வந்தே தீரும், யாராலும் தடுத்திருக்க முடியாது" என்கிறார்கள். முன்னவன் சொன்னது வேஷ்டி கட்டிய விதி. பின்னவன் சொல்லுவது கால்சட்டை மாட்டிய விதி. இரண்டுக்கும் எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டினுடைய பலனும் ஒன்றுதான். செய்தவன் யாரென்று கேட்காமல் சும்மா இரு என்பதுதான் அந்தப் பலன்.

நான் சொல்லப் போவது இதுதான். அந்த யுத்தம் வானத்திலிருந்து விழவில்லை. ஐந்தாறு தலைநகரங்களில் உட்கார்ந்து கொண்டிருந்த ஒரு சில மனிதர்கள், பேர் சொல்லக்கூடிய மனிதர்கள், தேதி சொல்லக்கூடிய நாட்களில் செய்த காரியம் அது. மனிதன் செய்த காரியமானதால் மனிதன் செய்யாமல் இருந்திருக்கவும் முடியும்.

துப்பாக்கிச் சூடு காரணமா?

பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் என்ன இருக்கிறது? 1914 ஜூன் 28-ந் தேதி போஸ்னியா நாட்டு சரயேவோ நகரத்தில் ஆஸ்திரியாவின் பட்டத்துக்குரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோபியையும் காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயதுப் பையன் சுட்டுக் கொன்றான், அதனால் யுத்தம் வந்தது என்று இருக்கிறது. அன்று காலையில் அவர்கள் மேல் எறிந்த வெடிகுண்டு தப்பிவிட்டது. பிறகு மோட்டார் ஓட்டினவன் வழி தவறி வேறு தெருவில் திருப்பி, தவறைத் தெரிந்து கொண்டு வண்டியை நிறுத்தினான். நிறுத்தின இடத்தில் அந்தப் பையன் நின்று கொண்டிருந்தான். "பார்த்தீர்களா, விதி!" என்று இதைக் காட்டுகிறார்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். மோட்டார் வழி தவறினதால் செத்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர். மற்ற 1 கோடி பேர் மோட்டார் வழி தவறினதாலா செத்தார்கள்? சரயேவோவில் சுட்ட நாளுக்கும், இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கின ஆகஸ்ட் 4-ந் தேதிக்கும் நடுவில் 37 நாட்கள் இருக்கின்றன. அந்த 37 நாட்களும் தந்தி அடித்தார்கள், கூட்டம் போட்டார்கள், விருந்து சாப்பிட்டார்கள், யோசித்தார்கள். யோசித்துச் செய்த காரியத்தை விபத்து என்று சொல்லலாமா?

அந்தப் பையனுக்கு அவ்வளவு கோபம் ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். போஸ்னியா ஆஸ்திரியாவின் நாடு அல்ல. 1878-ம் வருஷம் பெர்லினில் வல்லரசுகள் கூடித் துருக்கியின் வசமிருந்த அந்த நாட்டை ஆஸ்திரியா நிர்வாகம் செய்யலாம் என்று தீர்மானித்தன. 1908-ம் வருஷம் ஆஸ்திரியா அதைத் தன் சொந்தமாகவே சேர்த்துக் கொண்டது. அங்கே குடியிருந்த ஜனங்களை 1878-லும் யாரும் கேட்கவில்லை, 1908-லும் யாரும் கேட்கவில்லை. அங்கேயிருந்த செர்பியர்கள், பக்கத்திலிருந்த சுதந்தரச் செர்பியாவோடு சேர வேண்டுமென்று நினைத்தார்கள். செர்பிய ராணுவத்தின் ஒற்றர் இலாகாத் தலைவரும் அவருடைய இரகசியக் கூட்டத்தாரும் பையன்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இது கொலைதான், இதற்கு நான் பரிந்து பேசவில்லை. கொலை நடந்தால் கொலைகாரனை விசாரிப்பது நியாயம். கொலைகாரனுடைய நாட்டையே கொளுத்துவது என்ன நியாயம்?

கட்சி கட்டின கதை

வல்லரசுகளுக்குள் எப்படிக் கட்சி ஏற்பட்டது என்பதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். 1871-ம் வருஷம் ஜெர்மனி பிரான்சை ஜெயித்து, அல்சேஸ் லோரேன் என்ற பிரதேசத்தை எடுத்துக் கொண்டது. அன்று முதல் பிரான்சுக்கு அது ஆறாத புண். பிரான்சு திருப்பி அடிக்குமே என்ற பயத்தினால் ஜெர்மனியின் மந்திரி பிஸ்மார்க், 1879-ல் ஆஸ்திரியாவையும் 1882-ல் இத்தாலியையும் சேர்த்துக் கொண்டார். 1887-ல் ருஷியாவோடும் இரகசியமாக ஓர் உடன்படிக்கை செய்து கொண்டார். 1890-ல் பிஸ்மார்க் போனார். புதிதாக வந்தவர்கள் ருஷியாவோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கவில்லை. உடனே பிரான்சு ருஷியாவைப் பிடித்துக் கொண்டது. 1894-ல் அவர்களுக்குள் கூட்டு ஏற்பட்டது.

பிரான்சு குடியரசு நாடு. மன்னனை வெட்டின நாடு. ருஷியாவோ ஜார் என்ற ஒரு மனிதன் இட்டதே சட்டமாயிருந்த நாடு. சுதந்தரம் சமத்துவம் என்று கோர்ட்டுச் சுவரில் எழுதி வைத்திருக்கிறவனும், குடியானவனைச் சவுக்கால் அடிக்கிறவனும் கை கோத்துக் கொண்டார்கள். கொள்கைக்காகவா? அல்ல. உன் விரோதி என் விரோதி என்பதற்காக. நமது ஊரில் வரப்புத் தகராறில் கட்சி கட்டுகிற மிராசுதாரர்கள் இதைவிட மேலான காரணம் சொல்லுவார்கள்.

இங்கிலாந்து பிரான்சோடு 1904-லும், ருஷியாவோடு 1907-லும் சமாதானம் செய்து கொண்டது. அந்தச் சமாதானத்தின் சாரம் என்ன தெரியுமா? எகிப்தில் நீ கை வைக்காதே, மொராக்கோவில் நான் கை வைக்கவில்லை என்று பிரான்சோடு பேச்சு. பாரசீகத்தின் வடக்குப் பக்கம் உனக்கு, தென்கிழக்குப் பக்கம் எனக்கு என்று ருஷியாவோடு பேச்சு. எகிப்தியனையும், மொராக்கோக்காரனையும், பாரசீகனையும் யாராவது கேட்டார்களா? வீட்டுக்காரன் வெளியில் நிற்கத் திருடர்கள் உள்ளே பாகப்பிரிவினை செய்து கொண்டார்கள். அதற்குச் சிநேக உடன்படிக்கை என்று பேர் வைத்தார்கள்.

ஜெர்மனிக்கு ஆத்திரம் என்னவென்றால் பாகம் போடுகிற இடத்துக்குத் தான் பிந்தி வந்துவிட்டோமே என்பதுதான். அதற்காகவே 1898-லும் 1900-லும் சட்டம் செய்து பெரிய கடற்படை கட்ட ஆரம்பித்தது. 1906-ல் இங்கிலாந்து "டிரெட்நாட்" என்ற புது மாதிரி யுத்தக் கப்பலைக் கடலில் இறக்கியது. அவன் ஒன்று கட்டினால் இவன் ஒன்று கட்டுவது என்று ஆயிற்று. கட்டினவர்களுக்கு லாபம், வரி கொடுத்தவர்களுக்குப் பாரம். ஜெர்மனியின் குருப் கம்பெனி கண்டுபிடித்த வெடிகுண்டுத் திரி அமைப்பை இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி உரிமை வாங்கிச் செய்து வந்தது. யுத்தம் முடிந்த பிறகு, அந்த உரிமைப் பணத்தைக் கொடு என்று குருப் கம்பெனி விக்கர்ஸ் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. ஜெர்மன் சிப்பாயைக் கொன்ற குண்டுக்கு ஜெர்மன் முதலாளி வாடகை கேட்டான் என்றால், தேசபக்தி என்பது யாருக்காக ஏற்பட்டது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முன்பெல்லாம் நின்றது எப்படி?

"இவ்வளவு பகை இருந்தபோது யுத்தம் வராமல் எப்படி இருக்கும்?" என்று கேட்கலாம். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1905-ல் மொராக்கோ சம்பந்தமாகச் சண்டை வரும்போல் இருந்தது, வரவில்லை. 1908-ல் போஸ்னியா சம்பந்தமாக வரும்போல் இருந்தது, வரவில்லை. 1911-ல் ஜெர்மனி ஒரு பீரங்கிக் கப்பலை மொராக்கோவின் அகாடிர் துறைமுகத்துக்கு அனுப்பியது, அப்போதும் வரவில்லை. 1912-லும் 1913-லும் பால்கன் நாடுகளில் இரண்டு யுத்தங்கள் நடந்தன. வல்லரசுகளின் தூதர்கள் லண்டனில் கூடிப் பேசினார்கள். பெரிய யுத்தம் வரவில்லை. அதே கூட்டு ஒப்பந்தங்கள்தான், அதே கப்பல்கள்தான், அதே பகைதான். பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டுமென்று நினைத்தபோது நின்றது. 1914-ல் நிற்கவில்லை என்றால், நிற்கக் கூடாது என்று சிலர் நினைத்தார்கள் என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம்?

37 நாட்கள்

ஜூலை 5-ந் தேதி ஆஸ்திரியாவின் தூதர் ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் வில்லியமைப் பார்த்தார். செர்பியா மேல் நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தாலும், ருஷியா குறுக்கே வந்தாலும், ஜெர்மனி உங்கள் பக்கம் நிற்கும் என்று கெய்சர் வாக்குக் கொடுத்தார். மறுநாள் அவருடைய பிரதம மந்திரியும் அதையே உறுதி செய்தார். என்ன எழுதப் போகிறான் என்று கேட்காமலே வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இது. கொடுத்துவிட்டுக் கெய்சர் நார்வேப் பக்கம் கப்பலில் உல்லாசப் பயணம் போய்விட்டார்.

ஜூலை 7-ந் தேதி ஆஸ்திரிய மந்திரிகள் கூடினார்கள். செர்பியாவுக்கு நிபந்தனை அனுப்ப வேண்டும், ஆனால் அந்த நிபந்தனை செர்பியா ஒப்புக் கொள்ள முடியாததாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அங்கேரியின் பிரதம மந்திரி டிஸா மாத்திரம் முதலில் ஆட்சேபித்தார்; ஒரு வாரத்தில் அவரும் இணங்கிவிட்டார். அதற்கிடையில் சரயேவோவுக்கு விசாரணைக்குப் போன ஆஸ்திரிய அதிகாரி, இந்தக் கொலை செர்பிய சர்க்காருக்குத் தெரிந்து நடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று 13-ந் தேதி தந்தி கொடுத்தார். தந்தியை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டார்கள்.

நிபந்தனை தயாரான பிறகும் உடனே கொடுக்கவில்லை. பிரான்சின் ஜனாதிபதி அப்போது ருஷியாவுக்கு விருந்தாளியாய்ப் போயிருந்தார். அவர் கப்பல் ஏறுகிற வரையில் காத்திருந்து, 23-ந் தேதி சாயங்காலம் 6 மணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கெடு 48 மணி நேரம். ஒரு மாதம் யோசித்தவன், எதிராளிக்கு இரண்டு நாள் கொடுத்தான்.

செர்பியா அநேகமாக எல்லாவற்றையும் ஒப்புக் கொண்டது. தன் நாட்டுக்குள் ஆஸ்திரிய அதிகாரிகள் வந்து விசாரணையில் கலந்து கொள்ளுவதை மாத்திரம் சட்டத்துக்கு விரோதம் என்று மறுத்து, வேண்டுமானால் ஹேக் நகரத்து மத்தியஸ்தக் கோர்ட்டுக்கு விடலாம் என்று சொன்னது. இங்கிலாந்தின் வெளிநாட்டு மந்திரி கிரே, நான்கு வல்லரசுகள் கூடிப் பேசலாம் என்றார். ஜெர்மனி மறுத்துவிட்டது. 28-ந் தேதி காலையில்தான் கெய்சர் செர்பியாவின் பதிலைப் படித்தார். படித்துவிட்டு, இனி யுத்தத்துக்குக் காரணமே இல்லை என்று தன் கைப்பட எழுதினார். அதே நாளில் ஆஸ்திரியா செர்பியாவின் மேல் யுத்தம் அறிவித்துத் தந்தி அடித்துவிட்டது. காரணம் போய்விட்டது, யுத்தம் மாத்திரம் வந்தது.

பிறகு ருஷியாவின் முறை. செர்பியர்கள் எங்கள் இனத்தார், எங்கள் மதத்தார் என்று சொல்லிக் கொண்டு ஜார் 29-ந் தேதி முழுப் படையையும் திரட்ட உத்திரவு போட்டார். கெய்சரிடமிருந்து தந்தி வந்ததும் அதை ரத்து செய்தார். தளகர்த்தர்களும் மந்திரியும் வந்து நெருக்கவே, 30-ந் தேதி மறுபடியும் உத்திரவு போட்டார். ருஷியாவில் படை திரட்டினால் ஜெர்மனி சும்மா இராது என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே போட்டார்கள். பிரான்சின் தூதராவது வேண்டாமென்று தடுத்தாரா என்றால், தடுக்கவில்லை. நாங்கள் உங்கள் பக்கம் என்றே தைரியம் சொல்லி வந்தார்.

தோழர்களே! கெய்சரும் இங்கிலாந்து மன்னர் 5-ம் ஜார்ஜும் ஒரே பாட்டியின் பேரன்கள். விக்டோரியா ராணிதான் அந்தப் பாட்டி. ஜாரின் தாயாரும் ஜார்ஜின் தாயாரும் உடன்பிறந்த அக்காள் தங்கை. அந்த நாட்களில் கெய்சரும் ஜாரும் செல்லப் பேர் போட்டுத் தந்தி அடித்துக் கொண்டார்கள். இவ்வளவு நெருங்கின சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூடினார்கள். 1 கோடி பிள்ளைகளின் உயிரைக் காக்க ஒரு நாள் கூடவில்லை.

ரயில் சாஸ்திரம்

ஆகஸ்ட் 1-ந் தேதி ஜெர்மனி ருஷியாவின் மேல் யுத்தம் அறிவித்தது. அன்று சாயங்காலம் இங்கிலாந்து ஒதுங்கி நிற்கக்கூடும் என்று லண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. கெய்சர் சந்தோஷப்பட்டு, அப்படியானால் பிரான்சு பக்கம் போக வேண்டாம், பட்டாளம் முழுவதையும் கிழக்கே திருப்புங்கள் என்றார். பிரதம தளகர்த்தர் மோல்ட்கே, அது முடியாது என்றார். ஏன் முடியாது? ரயில் அட்டவணை அப்படி! முதலில் பெல்ஜியத்தின் வழியாகப் பிரான்சை ஆறு வாரத்தில் அடித்துவிட்டு, பிறகு ருஷியா பக்கம் திரும்ப வேண்டும் என்று முன்பிருந்த தளகர்த்தர் ஷ்லீபன் 1905-ல் எழுதி வைத்துப் போன திட்டம். அதன்படி எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு என்பது வரையில் குறித்து வைத்திருந்தார்கள்.

நமது நாட்டில் ஒரு விதவைக்கு மறுமணம் செய்ய வேண்டுமென்றால் "சாஸ்திரத்தில் இல்லையே, மாற்ற முடியாதே" என்கிறானே புரோகிதன், அவனுக்கும் இந்தத் தளகர்த்தருக்கும் என்ன பேதம்? எழுதினவன் மனிதன், எழுதினது காகிதம். ஆனாலும் சக்கரவர்த்தியே சொன்னாலும் மாற்ற முடியாதாம். யுத்தம் முடிந்த பிறகு, முன்பு ஜெர்மன் ராணுவத்தின் ரயில் இலாகாத் தலைவராயிருந்த ஒருவரே, மாற்றியிருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் புஸ்தகம் எழுதினார். பிணம் அடக்கமான பிறகு மருந்து இருந்தது என்று சொன்ன கதைதான்.

அந்த அட்டவணைப்படியே 3-ந் தேதி பிரான்சின் மேல் யுத்தம். 4-ந் தேதி பெல்ஜியத்துக்குள் பட்டாளம். பெல்ஜியம் யார் சண்டையிலும் சேராத நாடு என்று 1839-ல் பிரஷ்யா உட்பட எல்லா வல்லரசுகளும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி அன்று இரவே இங்கிலாந்தும் இறங்கியது.

இங்கிலாந்தின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சின் தளகர்த்தர்களும் இங்கிலாந்தின் தளகர்த்தர்களும் 1906 முதலே இரகசியமாய்ப் பேசித் திட்டம் போட்டு வந்தார்கள். இந்தச் சங்கதி மந்திரி சபை முழுவதற்கும் 1911-ல்தான் தெரிந்தது. பார்லிமெண்டில் கிரே அதை வெளியிட்டது 1914 ஆகஸ்ட் 3-ந் தேதி, அதாவது யுத்தத்துக்கு முதல் நாள். உலகத்துப் பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய் என்று பேர் வாங்கின சபைக்கே இந்தக் கதி. வேண்டாமென்று சொல்லி மார்லி, பர்ன்ஸ் என்ற இரண்டு மந்திரிகள் ராஜீனாமா கொடுத்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"ஒப்பந்தம் கையைக் கட்டிவிட்டது" என்று எல்லா மந்திரிகளும் பின்னால் சொன்னார்கள். அதுவும் பொய். இத்தாலி ஜெர்மனியோடு 32 வருஷம் ஒப்பந்தத்தில் இருந்தது. 1914-ல் சண்டைக்குப் போகவில்லை. 1915-ல் அதிகப் பிரதேசம் தருவதாக எதிர்க்கட்சி இரகசிய உடன்படிக்கை எழுதிக் கொடுத்ததும் அந்தப் பக்கம் சேர்ந்து பழைய சிநேகிதனையே அடித்தது. இஷ்டமில்லாதபோது ஒப்பந்தம் காகிதம். இஷ்டமிருக்கும்போது அது வேதம். அவ்வளவுதான்.

கடவுள் எந்தப் பக்கம்?

யுத்தம் வந்ததும் எல்லா தேசத்துக் கோயில்களிலும் மணி அடித்தார்கள். ஜெர்மன் சிப்பாயின் இடுப்பு வாரில் "கடவுள் எங்களோடு இருக்கிறார்" என்று பொறித்திருந்தது. லண்டன் பிஷப்பு இது புனித யுத்தம் என்று பிரசங்கம் செய்தார். ருஷியப் பாதிரிகள் சாமி படங்களைக் கொண்டு வந்து பட்டாளத்தை ஆசீர்வதித்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே ஏசு, ஒரே பைபிள். 1914 நவம்பரில் துருக்கி சுல்தான் இஸ்லாத்தின் பேரால் தர்ம யுத்தம் என்று அறிவித்தார். ஆனால் அவருக்குக் கூட்டாளி கிறிஸ்தவக் கெய்சர். அவருக்கு எதிராக இங்கிலாந்தின் சம்பளத்தில் சண்டை போட்டவர்களில் இஸ்லாமியச் சிப்பாய்களும் இருந்தார்கள். இத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஜெயம் கேட்டால் கடவுள் யாருக்குக் கொடுப்பார்? ஒரு கடவுளாவது, ஒரு பாதிரியாவது, ஒரு முல்லாவாவது, "அடே, நிறுத்துங்கள்" என்று தன் பக்கத்து மன்னனைப் பார்த்துச் சொன்னதாகச் சரித்திரத்தில் காண முடியுமா? விரல் விட்டு எண்ணத்தக்க சிலர் சொல்லியிருக்கலாம். அவர்களை யாரும் லட்சியம் செய்யவில்லை.

நிறுத்தச் சொன்ன மனிதர்கள் இருந்தார்கள். பிரான்சில் ஜோரேஸ் என்ற சமதர்மத் தலைவர் யுத்தம் வேண்டாமென்று கடைசி நிமிஷம் வரையில் பாடுபட்டார். ஜூலை 31-ந் தேதி அவரைப் பாரிசில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவனை 1919-ல் கோர்ட்டு விடுதலை செய்தது. செத்தவருடைய மனைவியே கோர்ட்டுச் செலவைக் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று! ஜெர்மனியில் லீப்னெக்ட் என்பவர் 1914 டிசம்பரில் யுத்தச் செலவுக்குப் பணம் கொடுக்கக் கூடாதென்று தனி ஒருவராகச் சட்டசபையில் ஓட்டுக் கொடுத்தார். இங்கிலாந்தில் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்ற பகுத்தறிவு அறிஞர் உத்தியோகத்தை இழந்தார். 1918-ல் சிறைக்கும் போனார். சரயேவோவில் சுட்ட பையனை எல்லாருக்கும் தெரியும். இவர்கள் பேரை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

நம்மை யார் கேட்டார்கள்?

லண்டனில் யுத்தம் அறிவித்த அந்த நிமிஷத்திலேயே இந்தியாவும் யுத்தத்தில் இருந்தது. இங்கேயுள்ள ஒரு மனிதனையும் கேட்கவில்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள்; சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை. 1917-ல் 10 கோடி பவுன் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து இங்கிலாந்துக்கு நன்கொடை என்று எழுதினார்கள். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு "எம்டன்" என்ற ஜெர்மன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போயிற்று. ஜனங்கள் பயந்து ஊரை விட்டு ஓடினார்கள். நமக்கு மிஞ்சினது பொல்லாத ஆளை "எம்டன்" என்று அழைக்கிற ஒரு வார்த்தைதான்.

நமது தலைவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கட்சி இந்தக் கட்சி என்றில்லாமல் பெரும்பாலோர் சர்க்காருக்கு உதவி செய்தார்கள். அகிம்சையைப் போதித்த காந்தியாரே 1918-ல் குஜராத்தில் கேடா ஜில்லாவில் ஊர் ஊராய்ப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார். சின்ன நாடாகிய பெல்ஜியத்தின் சுதந்தரத்துக்காகச் சண்டை என்று இங்கே பிரசாரம் செய்தார்கள். அந்தப் பெல்ஜியத்தின் மன்னர் லியோபால்டு, ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டை 1908 வரையில் தன் சொந்தப் பண்ணையாக வைத்துக் கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் ரப்பருக்காகக் கருப்பு மக்களின் கையை வெட்டினார்கள் என்பதை யாரும் இங்கே சொல்லவில்லை. தன் சுதந்தரத்தையே பெறாதவன் இன்னொருவன் சுதந்தரத்துக்காகச் சாவது, பட்டினி கிடக்கிறவன் பண்ணையார் வீட்டு விருந்துக்கு விறகு சுமப்பது போன்றதாகும்.

குற்றம் யாருடையது?

யுத்தம் முடிந்ததும் 1919 ஜூன் 28-ந் தேதி, அதாவது சரயேவோவில் சுட்டு ஐந்து வருஷம் ஆன அதே நாளில், வெர்செயில்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் 231-வது விதி, எல்லா நஷ்டத்துக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்றது. ஜெயித்தவனே ஜட்ஜியாக உட்கார்ந்து எழுதின தீர்ப்பு அது. அந்த ஆத்திரத்தையே மூலதனமாக வைத்து ஹிட்லர் தன் வியாபாரத்தைப் பெருக்கினான் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் தர்க்கம் செய்து கொண்டேயிருக்கிறார்கள். 1961-ல் பிரிட்ஸ் பிஷர் என்ற ஜெர்மன் பேராசிரியரே, எங்கள் நாட்டுத் தலைவர்களின் பேராசைதான் பெரிய காரணம் என்று புஸ்தகம் போட்டார். சொந்த நாட்டார் அவர் மேல் பாய்ந்தார்கள். 2012-ல் கிறிஸ்டோபர் கிளார்க் என்பவர், எல்லா தேசத்து மந்திரிகளும் தூக்கத்தில் நடக்கிறவர்களைப் போலப் பள்ளத்தில் விழுந்தார்கள் என்று எழுதினார். என்னுடைய அபிப்பிராயம் என்னவென்றால், ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் நெருப்பை வைத்தன. ருஷியாவும் பிரான்சும் காற்றை வீசின. இங்கிலாந்து தண்ணீர்க் குடத்தை மறைத்து வைத்துக் கொண்டு கடைசியில் எடுத்தது. செர்பிய ராணுவத்து இரகசியக் கூட்டம் தீக்குச்சியைக் கொடுத்தது. பங்கு கூடக் குறைய இருக்கலாம். ஆனால் எல்லாரும் குற்றவாளி, ஆகையால் ஒருவரும் குற்றவாளி அல்ல என்ற பேச்சை மாத்திரம் ஒப்புக் கொள்ளாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடித்துக் கொன்றால் பத்துப் பேருக்கும் தண்டனை உண்டே தவிர, கொலையே நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

நாம் செய்ய வேண்டியது

1917-ல் ருஷியாவில் ஜாரின் ஆட்சி ஒழிந்து, பிறகு அதிகாரத்துக்கு வந்தவர்கள், பழைய சர்க்காரின் பெட்டியைத் திறந்து இரகசிய உடன்படிக்கைகளையெல்லாம் பத்திரிகையில் போட்டார்கள். துருக்கியின் நாடுகளை யார் யார் பங்கு போட்டுக் கொள்ளுவது என்பது வரையில் அதில் இருந்தது. நாகரிகத்துக்காகச் சண்டை போடுகிறோம் என்று நம்பிச் செத்தவன், நில அளவைக்குச் சங்கிலி பிடிக்கச் செத்தான் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இன்று ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 102-வது விதிப்படி உடன்படிக்கைகளைப் பதிவு செய்து பிரசுரிக்க வேண்டும் என்று இருக்கிறது. 1 கோடி பேரின் உயிருக்கு நாம் பெற்ற ரசீது அந்த ஒரு வரி. விதி எழுதியிருந்தால் போதாது; அதைக் கேட்கிற ஜனங்கள் இருக்க வேண்டும்.

ஆகவே, தோழர்களே! இனி எந்த சர்க்காராவது, எந்தத் தலைவராவது, "தேசத்தின் கௌரவம் போய்விட்டது, நேரமில்லை, யோசிக்காதே, புறப்படு" என்று சொன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். யாருடைய கௌரவம்? யாரோடு என்ன பேசி வைத்திருக்கிறாய்? பேசித் தீர்க்க யார் கூப்பிட்டார்கள், யார் மறுத்தார்கள்? உன் பிள்ளை எந்தப் பட்டாளத்தில் இருக்கிறான்? இந்த நான்கு கேள்வியையும் 1914 ஜூலை மாதத்தில் ஐந்து நாட்டு ஜனங்களும் சேர்ந்து உரக்கக் கேட்டிருந்தால், அந்த மந்திரிகளுக்கு 37 நாள் அல்ல, 37 வருஷம் ஆனாலும் யுத்தம் தொடங்கத் தைரியம் வந்திருக்காது.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். இந்த வாசக சாலையில் புஸ்தகம் இருக்கிறது. எடுத்துப் படித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். ஆனால் விதி என்று மாத்திரம் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக் கொண்டு எழுந்து போகாதீர்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.